ஒளி நடந்த பாதை – 17: மண்ணிலிருந்து ஏற்றிய விண்மீன்

1985 ஜூன் 19. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியில், ஹலேயாகலா எரிமலையின் உச்சியில், ஓர் ஆர்கான் லேசர் வானத்தைப் பார்த்துக் காத்திருந்தது. நீலமும் பச்சையும் கலந்த ஒளி. சக்தி ஒன்றும் பெரிதில்லை, எதையும் சுடாது. அந்தப் பக்கமாக டிஸ்கவரி விண்ணோடம் கடந்து போகவேண்டும். அதன் பக்கக் கதவின் ஜன்னலில் 8 அங்குல அகலத்தில் ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருந்தார்கள். எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பியனுப்பும் வகை. மலையிலிருந்து போகும் கீற்று அந்தக் கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரவேண்டும், விண்ணோடம் ஓட ஓடக் கீற்றும் அதை விடாமல் தொடரவேண்டும். சோதனை அவ்வளவுதான்.

விண்ணோடம் நேரத்துக்கு வந்தது. ஆனால் கண்ணாடி இருந்த ஜன்னல் பூமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் விண்வெளியைப் பார்த்திருந்தது.

நடந்தது இதுதான். மலை உச்சியின் உயரம் ஏறக்குறைய 10,000 அடி. அந்த எண்ணை அப்படியே அனுப்பிவிட்டார்கள். விண்ணோடத்துக் கணினியோ உயரத்தைக் கடல்மைலில் எதிர்பார்க்கும்படி எழுதப்பட்டிருந்தது. பத்தாயிரம் கடல்மைல் உயரமுள்ள மலை என்றால் அது விண்ணோடத்துக்கும் வெகு மேலே அல்லவா இருக்கவேண்டும்? கணினி தனக்குச் சொன்னதை நம்பி, மேலே இருக்கும் அந்த இல்லாத மலையை நோக்கி ஜன்னலைத் திருப்பியது. இரண்டு நாள் கழித்து, ஜூன் 21 அன்று, எண்ணைத் திருத்திக்கொண்டு மறுபடி முயன்றார்கள். ஒளி போய்த் தொட்டது, திரும்பி வந்தது.

இந்தச் சம்பவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அந்த அடி–கடல்மைல் குழப்பத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தத் தொடரை எழுதும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. எண் தவறினால் இரண்டு நாளில் திருத்திவிடலாம். மலைக்கும் விண்ணோடத்துக்கும் நடுவே இருந்த காற்றை எப்படித் திருத்துவது? அந்தக் கேள்விக்கான விடை 1985லேயே ஒருசிலர் கையில் இருந்தது. வெளியே சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை.

சென்ற இதழை மாஸ்கோவில் நிறுத்தியிருந்தோம். 1941இல் கோல்மகோரவ் கொந்தளிக்கும் காற்றுக்கு ஒரு கணக்கு எழுதினார். பெரிய சுழல் உடைந்து சிறு சுழல்கள், அவை உடைந்து இன்னும் சிறியவை, கடைசியில் சில மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் பிசுபிசுப்பில் அடங்கி வெப்பமாகிவிடும் என்பது அதன் சாரம். ஒபுகோவ் அதை வெப்பநிலைக்கும் நீட்டினார். தாதார்ஸ்கி அதையே ஒளி அலைக்குப் பொருத்திப் பார்த்தார். அதே காலத்தில், 1952இல், அமெரிக்காவில் இருந்த நம் சுப்பிரமணியன் சந்திரசேகரும் விண்மீன்கள் கண்சிமிட்டுவதற்குப் புள்ளியியல் அடிப்படை ஒன்றை எழுதினார் என்பதையும் பார்த்தோம். பிறகு 1965இல் கிராச்சேவாவும் கூர்விச்சும் தாதார்ஸ்கியின் சூத்திரத்தை நிஜக் காற்றில் சோதித்தார்கள். தூரம் கூடக்கூட மினுக்கமும் கூடிக்கொண்டே போகும் என்றது சூத்திரம். தூரத்தை இரட்டித்தால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஓர் எல்லை வரை கூடத்தான் செய்தது. அதற்கு மேல் எவ்வளவு தள்ளிப் போனாலும் கூடவில்லை. கலைவதற்கு மிச்சமில்லாத அளவுக்கு ஒளி ஏற்கெனவே கலைந்து போயிருந்தது.

கலைவது என்றால் என்ன என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு மேலே போகலாம். தோசைக்கல் நன்றாகக் காய்ந்திருக்கும்போது கொஞ்சம் குனிந்து, கல்லுக்கு மேலாக எதிர்ச் சுவரில் தொங்கும் நாள்காட்டியைப் பாருங்கள். தேதி எழுத்து நெளியும். ஒரு கணம் தடித்து, ஒரு கணம் இரண்டாகப் பிரிந்து, மறுபடி ஒன்றாகும். கல்லிலிருந்து எழும் சூடான காற்றும் சுற்றியுள்ள குளிர்ந்த காற்றும் கலக்காமல் இழை இழையாக ஓடுவதுதான் காரணம். சூடான காற்றில் ஒளி ஒரு துளி வேகமாகப் போகும். எவ்வளவு துளி? ஒரு டிகிரி வித்தியாசத்துக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் ஒரு மீட்டர் நீளத்துக்குக் காற்று ஒரு டிகிரி சூடாக இருந்தால், அதன் வழியே போன ஒளி பக்கத்தில் வரும் ஒளியை ஒரு மைக்ரான் முந்திவிடும். பச்சை ஒளியின் அலைநீளமே அரை மைக்ரான்தான். சமமாக அணிவகுத்து வந்த அலைமுகம் இரண்டு அலை அளவுக்குக் கோணிப்போகும். வானத்தில் ஒரு மீட்டரா இருக்கிறது? பத்துப் பதினைந்து கிலோமீட்டர் காற்று இருக்கிறது.

அந்தக் கோணலுக்கு ஓர் அளவுகோல் தந்தவர் டேவிட் ஃபிரைட். 1966இல் அவர் சொன்னது இது: கலங்கிய காற்றின் வழியே வரும் அலைமுகத்தில் எவ்வளவு அகலத் துண்டு வரை ஓரளவு சமமாக இருக்கிறது என்று பாருங்கள். நல்ல மலை உச்சியில், நல்ல இரவில், அது 10 முதல் 20 சென்டிமீட்டர். நம் கை அகலம். அப்படியானால் 1948இல் பாலமர் மலையில் நிறுவிய 5 மீட்டர் தொலைநோக்கி நிறைய ஒளியைச் சேர்க்குமே தவிர, நுணுக்கத்தில் ஒரு கையகலத் தொலைநோக்கியைத் தாண்டாது. மேலே அனுப்பும் லேசருக்கும் இதே கதிதான். 1969இல் லிக் ஆய்வகத்தின் 3 மீட்டர் தொலைநோக்கி வழியாகச் சந்திரனுக்கு லேசர் அனுப்பினார்கள் என்று முன்பு எழுதியிருந்தேன். காற்று ஒரு விகலை (கோணத்தின் மிகச் சிறிய அலகு) அகலத்துக்குக் கீற்றைக் கலைத்தாலே போதும், சந்திரனில் அது கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் அகல வட்டமாகிவிடும். அங்கே அப்பல்லோ 11 வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான் 46 சென்டிமீட்டர் சதுரம்!

இதற்கு மருந்து என்னவென்று 1953லேயே ஹோரஸ் பாப்காக் எழுதிவிட்டார். அலைமுகம் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அளந்து, அதற்கு நேர் எதிரான மேடுபள்ளத்தை ஒரு கண்ணாடியில் உண்டாக்கிவிட்டால் இரண்டும் கழிந்துபோகும். காற்று மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இதை நொடிக்குப் பலநூறு முறை செய்யவேண்டும். அவர் மனத்தில் இருந்த கண்ணாடி விசித்திரமானது. ஆடிமேல் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதன்மேல் எலக்ட்ரான் கற்றையால் மின்னூட்டம் தெளித்தால் எண்ணெய் அங்கங்கே புடைக்கும். அன்றைய எலக்ட்ரானிக்ஸால் அதை வேலை செய்யவைக்க முடியவில்லை. யோசனை இருபது ஆண்டு அப்படியே கிடந்தது.

அதை எடுத்துத் தூசி தட்டியது அமெரிக்க ராணுவம். அவர்களுக்கு விண்மீன் மேல் ஆசை இல்லை. தலைக்கு மேலே போகும் சோவியத் செயற்கைக்கோள்கள் எப்படி இருக்கின்றன என்று பார்க்கவேண்டியிருந்தது. 1973இல் ஐடெக் நிறுவனத்தில் ஜான் ஹார்டியின் குழு 21 இடங்களில் தள்ளவும் இழுக்கவும் கூடிய ஒரு சிறு கண்ணாடியைச் செய்து, ஆய்வகக் காற்றில் வேலை செய்யவைத்துக் காட்டியது. மின்சாரம் கொடுத்தால் மைக்ரான் கணக்கில் நீளும் பீசோ படிகங்கள்தான் அதற்குத் தசை. 1982இல் 168 தசைகள் கொண்ட கண்ணாடி மாவித் தீவின் 1.6 மீட்டர் தொலைநோக்கியில் ஏறியது. டிஸ்கவரிக்காக லேசர் காத்திருந்த அதே எரிமலையின் உச்சிதான் அதுவும்.

செயற்கைக்கோளைப் படம் எடுக்கும்வரை பிரச்சினை இல்லை. கோள் வெயிலில் பளபளக்கிறது. அதன் ஒளியையே அளந்து காற்றைக் கணித்துக்கொள்ளலாம். கீழே இருந்து ஒரு லேசரை அதன்மேல் செலுத்த நினைத்தபோதுதான் சிக்கல் வந்தது. இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கவேண்டும், இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தாழ்ந்த வட்டப்பாதையில் ஒரு கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கோளின் ஒளி நம் கண்ணுக்கு வருவதற்குள் அது 10 மீட்டர் நகர்ந்திருக்கும். நாம் அனுப்பும் கீற்று போய்ச் சேர்வதற்குள் இன்னொரு 10 மீட்டர். ஆக, பார்க்கிற இடத்துக்கு 20 மீட்டர் முன்னால் குறிவைக்கவேண்டும். ஓடுகிற பஸ்ஸின் படிக்கட்டைப் பிடிக்க அது வரப்போகும் இடத்துக்கு ஓடுகிறோமே, அதுபோல. கோணமாகச் சொன்னால் பத்து விகலை. சந்திரனின் அகலம் 1800 விகலை என்றால் பத்து எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஆனால் காற்றுக்கு அது சிறியதில்லை. இரண்டு மூன்று விகலை விலகினாலே பாதையில் வேறு சுழல்கள், வேறு கோணல்கள் குறுக்கிடுகின்றன. கோளின் ஒளி வந்த வழி ஒன்று; லேசர் போகவேண்டிய வழி வேறொன்று. முதல் வழியை அளந்து இரண்டாவது வழியைத் திருத்த முடியாது. லேசர் போகும் திசையில் அளப்பதற்கு ஒரு விளக்கு வேண்டும். அங்கே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை.

இல்லையென்றால் நாமே ஒன்று ஏற்றிவிடலாமே என்றார் ஜூலியஸ் ஃபைன்லைப். 1981 வாக்கில் வந்த யோசனை. வானத்தை நீலமாக்கும் அதே ராலே சிதறல், லேசரிலும் நடக்கும். மேலே அனுப்பும் துடிப்பு பத்துப் பதினைந்து கிலோமீட்டர் போனதும் அங்குள்ள காற்று மூலக்கூறுகளில் மோதி ஒரு துளி ஒளி கீழே திரும்பும். அந்தத் துளியை மட்டும் நேரம் பார்த்துப் பிடித்தால், அந்த உயரத்தில் ஒரு புள்ளி விளக்கு எரிந்ததாகக் கொள்ளலாம். அது கீழே வரும் வழியில் காற்று என்ன செய்தது என்று அளக்கலாம். எந்தத் திசையில் வேண்டுமோ அந்தத் திசையில் ஒரு விண்மீன்!

மறு ஆண்டு, 1982 கோடையில், அமெரிக்க அரசுக்கு ஆலோசனை சொல்லும் ஜேசன் என்ற விஞ்ஞானிகள் குழுவின் கூட்டத்தில் இந்த யோசனை வந்தது. அதில் ஒரு குறை எல்லாருக்கும் தெரிந்தது. 15 கிலோமீட்டர் உயரத்து விளக்கிலிருந்து பெரிய கண்ணாடிக்கு வரும் ஒளி ஒரு கூம்பாக வரும். கோளிலிருந்தோ விண்மீனிலிருந்தோ வருவது நேர்த் தூணாக வரும். கூம்புக்கு வெளியே, தூணுக்கு உள்ளே இருக்கும் காற்றை அந்த விளக்கு பார்க்கவே பார்க்காது. விளக்கை இன்னும் மேலே ஏற்றவேண்டும். ஆனால் மேலே போகப்போகக் காற்று மெலிகிறது, ஒளியைத் திருப்பியனுப்ப ஆளில்லை.

அப்போது வில்லியம் ஹாப்பர் சோடியத்தைச் சொன்னார்.

என் பாட்டி திருஷ்டி கழித்த உப்பையும் மிளகாயையும் விறகடுப்பில் போடும்போது நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். படபடவென்று வெடிக்கும். ஒரு கணம் தீ பளீரென்று மஞ்சளாகிவிட்டுப் பழைய நிறத்துக்குத் திரும்பும். அந்த மஞ்சள் உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம், 589 நானோமீட்டர். கொஞ்ச காலத்துக்கு முன்புவரை நம் நெடுஞ்சாலைகளில் எரிந்த மஞ்சள் விளக்குகளின் நிறமும் அதுவே. சோடியம் அணு அந்த நிறத்தை உமிழும். அதே நிற ஒளி வந்து பட்டால் விழுங்கி, உடனே திருப்பி உமிழவும் செய்யும். எரிகற்கள் பூமியின் காற்றில் எரிந்து தூளாகும்போது அவற்றில் இருக்கும் சோடியம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மெல்லிய படலமாகத் தங்கிவிடுகிறது. அணுக்கள் மிகச் சில. ஆனால் சரியான மஞ்சளில் ஒரு லேசரைச் செலுத்தினால் அத்தனையும் ஒளிரும். ஹாப்பர் அணு இயற்பியல்காரர். இந்த அணுக்களின் குணம் அவருக்கு அத்துப்படி. 90 கிலோமீட்டரில் விளக்கு என்றால் கூம்பு கிட்டத்தட்ட தூண் ஆகிவிடும்.

கொட்டிக்கிடந்த எரிகல் தூசியை விளக்காக்கிய இந்த யோசனையை நான் முதன்முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடந்தேன். இன்றும் அதை எழுதும்போது உடம்பு சிலிர்க்கிறது.

ஹாப்பர் குழுவின் அறிக்கை ரகசியக் கோப்புக்குள் போனது. 1983 மார்ச்சில் அதிபர் ரேகன் ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் திட்டத்தை அறிவித்தபிறகு பூட்டு இன்னும் இறுகியது. பூட்டுக்கு உள்ளே வேலை வேகமாக நடந்தது. நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில், கர்ட்லண்ட் விமானப்படைத் தளத்தில் இருந்த ஸ்டார்ஃபயர் தளத்தில் ராபர்ட் ஃபியூகேட் 1983இல் முதல் சோதனையைச் செய்தார். லேசர் விளக்கின் ஒளியில் அளந்த அலைமுகத்தையும், அதே திசையில் இருந்த நிஜ விண்மீனின் அலைமுகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தார் 1984–85இல் ஒயிட் சாண்ட்ஸில் சோடியம் படலத்தை ஒளிரவைத்து அதையும் மெய்ப்பித்தார்கள். டிஸ்கவரியின் ஜன்னல் தவறான பக்கம் திரும்பிய அதே ஆண்டுகள் இவை.

பூட்டுக்கு வெளியே என்ன நடந்தது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. 1985இல் பிரான்சில் ரெனோ ஃபோயும் அந்துவான் லாபெரியும், ரகசிய வேலைகள் எதுவும் தெரியாமல், இதே லேசர் விண்மீன் யோசனையைத் தாங்களாகவே கண்டடைந்து வானியல் இதழில் வெளியிட்டார்கள். அமெரிக்காவிலேயே இல்லினாய் பல்கலைக்கழகத்தின் லெயர்டு தாம்சனும் செஸ்டர் கார்ட்னரும் 1987இல் ஹவாயின் மௌனாகியா உச்சியிலிருந்து சோடியம் லேசரை ஏற்றி, அதைப் படம் பிடித்து, நேச்சர் இதழில் எழுதினார்கள். அவர்கள் கைக்காசு போலச் சிக்கனமாகச் செய்ததை, அதே நாட்டின் இன்னொரு கை பல ஆண்டு முன்பே பெரும் செலவில் முடித்து வைத்திருந்தது. ராணுவப் பணம் இல்லாவிட்டால் ஹார்டியின் நெளியும் கண்ணாடி 1973இல் பிறந்திருக்காது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஓர் ஆராய்ச்சியாளரின் வாழ்நாளில் பத்தாண்டு என்பது சின்ன காலம் இல்லை. தெரிந்த விடையைத் தேடி அத்தனை பேரை இருட்டில் அலையவிட்டது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஃபியூகேட்டும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வானியலாளர்களோடு பேசுவதற்கு அனுமதி கேட்டு உள்ளே இருந்தே குரல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். ஜேசன் குழுவைச் சேர்ந்த கிளேர் மேக்ஸ் இன்னொருவர். பனிப்போர் ஓய்ந்துகொண்டிருந்தது. வெளியே நடக்கும் ஆராய்ச்சியே ரகசியத்தை எட்டிப் பிடித்துக்கொண்டும் இருந்தது. 1991இல் கோப்புகளைத் திறந்தார்கள்.

அந்த ஆண்டு மே மாத இறுதியில் சியாட்டிலில் அமெரிக்க வானியல் சங்கத்தின் கூட்டம். ஃபியூகேட் மேடை ஏறி, 1.5 மீட்டர் தொலைநோக்கியோடு செம்பு ஆவி லேசரை இணைத்து 1989இலிருந்து தாங்கள் செய்துவந்ததைச் சொன்னார். கண்ணாடி சும்மா இருக்கும்போது ஒரு மங்கல் திட்டாகத் தெரியும் விண்மீன், கண்ணாடி வேலை செய்யத் தொடங்கியதும் கூர்மையான புள்ளியாகச் சுருங்கும் படங்கள் அவர் கையில் இருந்தன. அவையில் இருந்தவர்களில் பலர் இதைச் செய்ய முடியுமா என்று வாதாடிக்கொண்டிருந்தவர்கள். சில மாதத்தில் ஸ்டார்ஃபயர் குழுவின் கட்டுரையும் லிங்கன் ஆய்வகத்தின் கட்டுரையும் நேச்சரில் வெளிவந்தன. ஹாப்பரின் 1982 அறிக்கை கட்டுரையாக அச்சேற 1994 வரை ஆயிற்று.

ஆனாலும் இந்தச் செயற்கை விண்மீனுக்கு ஒரு குறை இருக்கிறது, அது கடைசிவரை தீரவில்லை. லேசர் மேலே போகும்போது காற்று அதை ஒரு பக்கம் தள்ளும். அது கீழே வரும்போது அதே காற்று அதே அளவு மறுபக்கம் தள்ளிவிடும். இரண்டும் கழிந்து, விளக்கு ஆடாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். அலைமுகத்தின் நுண்ணிய மேடுபள்ளமெல்லாம் அகப்படும். படம் மொத்தமாக இடமும் வலமும் அசைவது மட்டும் அகப்படாது. அதற்கு, பக்கத்தில் மங்கலாகவாவது ஒரு நிஜ விண்மீன் வேண்டும்.

அந்த ஏற்பாட்டோடுதான் கிளேர் மேக்ஸின் லிவர்மோர் குழு கலிஃபோர்னியாவின் ஹாமில்டன் மலைக்கு ஏறியது. 1996இல் லிக் ஆய்வகத்தின் கூரை திறந்து, அடுப்பில் போட்ட உப்பின் மஞ்சளில் ஒரு கீற்று வானத்துக்குப் போனது. 1969இல் சந்திரனுக்கு லேசர் அனுப்பி, இரண்டு கிலோமீட்டர் கலைந்த ஒளியிலிருந்து சில துகள்களைப் பொறுக்கி எடுத்தார்களே, அதே 3 மீட்டர் தொலைநோக்கி.

(தொடரும்)